பழைய பைக்குக்கு ஹாண்டில் ரைசர்: எவ்வளவு உயர்த்தலாம், எதைப் பார்த்துப் போட வேண்டும்

2020 இல் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, இருக்கிற பைக்கையே திருத்தித் திருத்தி ஓட்டுவது எங்கள் கிழக்குப் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. இருபது, முப்பது வருடம் கண்ட சீடி 125, சீஜீ 125, ஸ்பிளெண்டர், ஆரம்பகாலப் பல்சர் எல்லாம் கல்முனையிலும் செங்கலடியிலும் படுவான்கரைக் கிறவல் வீதிகளிலும் இன்னும் உழைக்கின்றன. ஓட்டுகிறவர்களுக்கும் வயது ஏறுகிறது. முதுகுநோ, மணிக்கட்டு விறைப்பு, தோள் இறுக்கம் என்று வரும்போது, ஹாண்டிலுக்கு அடியில் ரைசர் என்ற கட்டையை வைத்து அதைக் கொஞ்சம் உயர்த்தினால் என்ன என்ற யோசனை வருகிறது. அடுத்த கேள்வி, அது ஆபத்தா என்பது.

நேரடியாகச் சொன்னால், 25 மி.மீ. வரை உயர்த்துவது சரியான போல்ட், நல்ல புரி, இழுபடாத கேபிள் ஆகிய மூன்றும் இருந்தால் பாதுகாப்பானது. 30 மி.மீ. தாண்டினால் கேபிள், பிரேக் குழாய் எல்லாவற்றையும் மாற்றும் வேலையாகிவிடும். 50 மி.மீ. வேண்டுமென்றால் ரைசரை விட்டுவிட்டு, உயரமான வேறு ஹாண்டில் வாங்குங்கள். ரைசர் கட்டை தானாக உடைவது மிகக் குறைவு. அதைப் பிடித்திருக்கும் போல்ட்டிலும், அந்த போல்ட் இறங்கும் பழைய அலுமினியத்திலும், உயர்த்தியதால் இழுபடும் குழாய்களிலும்தான் விபத்து உருவாகிறது.

காசு செலவழிக்க முதல் இரண்டு விசயத்தைப் பாருங்கள். மணிக்கட்டு நோவுக்குப் பாதிக் காரணம் லீவரின் கோணம். இருக்கையில் வழக்கமாக அமரும் விதத்தில் அமர்ந்து, கையை நீட்டி விரல்களை லீவர் மேல் வையுங்கள். முன்கையும் விரல்களும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்தால் லீவரைக் கீழே சுழற்றுங்கள். இரண்டாவது, ஹாண்டிலை அதைப் பிடித்திருக்கும் கிளாம்புக்குள்ளேயே சிறிது பின்னால் சுழற்றிப் பார்க்கலாம். சில பாகை சுழற்றினாலே பிடி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உங்கள் பக்கம் வரும். இது போதுமென்றால் ரைசரே தேவையில்லை.

போதாதென்றால் அடுத்த தெரிவு வேறு ஹாண்டில். என் கருத்தில் பழைய பைக்குக்கு இதுதான் ரைசரை விட நல்ல வழி. ஒரே குழாய், பழைய கிளாம்ப், பழைய போல்ட்; புதிதாக ஒரு மூட்டுக்கூடச் சேர்வதில்லை. பெரும்பாலான பழைய 100, 125 சீசீ பைக்குகளின் ஹாண்டில் குழாய் 22.2 மி.மீ. விட்டம் கொண்டது என்பதால் ஒன்றின் ஹாண்டில் இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தும். கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் குழாயில் இருக்கும் சொரசொரப்பான பகுதி உங்கள் கிளாம்பின் அகலத்துக்கு ஒத்துவருகிறதா, சுவிட்ச் பெட்டியின் ஊசி இறங்கும் துளை சரியான இடத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஆனால் நல்ல ஹாண்டில் தேடினாலும் எல்லா நேரமும் கிடைக்காது. உள்ளே துருப்பிடித்த பழைய ஹாண்டிலை விட ஒழுங்காகச் செய்த ரைசர் மேல்.

ரைசர் வாங்க முதல், உங்கள் பைக்கில் ஹாண்டில் எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஃபோர்க் குழாய்கள் இரண்டையும் மேலே இணைக்கும் தட்டோடு, ஹாண்டில் குழாய் அமரும் கீழ்க் கிண்ணம் சேர்த்தே வார்க்கப்பட்டிருந்தால், அடியில் வைக்கும் ஸ்பேசருக்கு இடமே இல்லை. அந்தக் கிண்ணத்தில் இறுகி, மேலே இன்னொரு கிண்ணம் கொண்ட ரைசர்தான் வேண்டும். கீழ்க் கிண்ணம் தனித் துண்டாக, தட்டுக்கு அடியில் நட் போட்டுப் பிடித்திருந்தால் ஸ்பேசர் வைத்து நீளமான போல்ட் போடலாம். அங்கே பெரும்பாலும் ரப்பர் புஷ் இருக்கும். பல்சர் 220 போல ஃபோர்க் குழாயையே பிடிக்கும் கிளிப்-ஓன் ஹாண்டில் என்றால் இங்கே சொல்லும் எதுவும் அதற்குப் பொருந்தாது. அதில் உயரம் வேண்டுமென்று ஃபோர்க் குழாயைத் தட்டுக்கு மேலே இழுத்துவிடுகிற வேலையைச் செய்யாதீர்கள். பைக்கின் முன்பக்கம் தாழ்ந்து, ஸ்டியரிங் கோணமே மாறிவிடும்.

ரைசர் நிற்பது நேர்செங்குத்தாக அல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அது தட்டுக்குச் செங்குத்தாக, அதாவது ஸ்டியரிங் அச்சின் வழியே மேலே போகிறது. அந்த அச்சு பழைய 125 களில் ஏறத்தாழ 26 பாகை பின்னால் சாய்ந்திருக்கும். ஆகவே 30 மி.மீ. ரைசர் போட்டால் ஹாண்டில் 27 மி.மீ. மேலேயும் 13 மி.மீ. உங்கள் பக்கமும் வரும். முதுகுக்கு நல்லது. பெற்றோல் டாங்கிக்கும் கட்டைவிரலுக்கும் இடையிலான இடைவெளிதான் குறையும். முழுதாகத் திருப்பிய நிலையில் அங்கே இரண்டு விரல் நுழைய வேண்டும்.

இனிப் பலத்தின் கணக்கு. கடும் பிரேக் பிடிக்கும்போது உங்கள் உடம்பு பிடிகளை முன்னால் தள்ளுகிறது. பிடிகள் தட்டிலிருந்து 130 மி.மீ. உயரத்தில் இருந்தன என்று வையுங்கள். 30 மி.மீ. சேர்த்தால் 160. தட்டிலுள்ள போல்ட்டுகள் தாங்க வேண்டிய வளைக்கும் விசை 23 சதவீதம் கூடுகிறது. நல்ல போல்ட்டுக்கு இது பெரிய சுமை இல்லை. ஆனால் ஒவ்வொரு பக்கமும் முன்னும் பின்னுமாக இரண்டு போல்ட் இருந்தால் அவை அந்த விசையைப் பகிர்ந்துகொள்ளும். ஒரே போல்ட்டில் நிற்கும் வட்டக் கட்டை என்றால் முழுவதும் அந்த ஒன்றிலும் கட்டையின் அடி விளிம்பிலும் விழும். ஒன்றின் மேல் ஒன்றாக ஸ்பேசர்களை அடுக்கி உயரம் எடுப்பது இதனால்தான் கூடாது. ஒவ்வொரு மூட்டும் சிறிது அமுங்கும், போல்ட்டின் இழுப்பு தளரும், பிறகு போல்ட் வளைந்து வளைந்து களைத்துப்போகும்.

போல்ட் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. வழக்கமான அளவு எம்8, அதாவது 8 மி.மீ. விட்டம், புரி இடைவெளி 1.25 மி.மீ. தலையில் பலத்தைக் காட்டும் எண் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்க வேண்டும். எண் எதுவும் இல்லாத போல்ட்டை ஹாண்டிலுக்குப் போடாதீர்கள். கடல்காற்றுக்குத் துருப்பிடிக்காதென்று ஸ்டெயின்லெஸ் போல்ட் போடும் ஆசை கரையோரத்தில் எல்லோருக்கும் வரும். கடைகளில் கிடைக்கும் ஏ2-70 ஸ்டெயின்லெஸ் 450 மெகாபாஸ்கலில் நிரந்தரமாக நீளத் தொடங்கும், 8.8 எஃகு 640 வரை தாங்கும். அதோடு ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் ஒன்றாக இருந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். துத்தநாகம் பூசிய 8.8 போல்ட் போட்டு, துருப்பிடித்தால் மாற்றிக்கொள்வது நல்லது.

நீளத்தைக் கண்ணால் மதிப்பிடக் கூடாது. அலுமினியத்துக்குள் இறங்கும் எம்8 போல்ட்டின் புரி குறைந்தது 12 மி.மீ., முடிந்தால் 16 மி.மீ. பிடித்திருக்க வேண்டும், அதாவது விட்டத்தின் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு. துளையின் ஆழத்தை வேர்னியர் அளவுகோலின் பின் கம்பியால் அளவுங்கள். கிளாம்ப், ரைசர் எல்லாவற்றின் தடிப்பையும் கூட்டி, அதோடு பிடிக்க வேண்டிய 16 மி.மீ. சேர்த்தால் போல்ட்டின் நீளம் வரும். நுனி துளையின் அடியைத் தொடுவதற்கு 2 மி.மீ. ஆவது மிச்சமிருக்க வேண்டும். அடியில் முட்டினால் ஸ்பனர் இறுகியதாகக் காட்டும், கிளாம்ப் இறுகியிருக்காது. மேலுக்குப் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும் என்பதால் இது மிக ஆபத்தான தவறு.

பழைய தட்டின் புரியைத் துப்புரவாக்கி வெளிச்சத்தில் பாருங்கள். முதல் இரண்டு சுற்று நசுங்கியிருந்தாலோ, போல்ட்டோடு அலுமினியத் தூள் வெளியே வந்தாலோ அந்தப் புரியை நம்ப வேண்டாம். 8.3 மி.மீ. துளை போட்டு எஃகுச் சுருள் புரி, அதாவது ஹெலிகொயில், இறக்கினால் பழையதை விடப் பலமாகிவிடும். எம்10 ஆக்குவோம் என்று துளையைப் பெருப்பிக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். கிண்ணத்தின் சுவர் மெலிந்து வெடிக்கும். பழைய வார்ப்பு அலுமினியத்தை வெல்டிங் பண்ணி மறுபடி துளைப்பதும் வேண்டாம்.

லேத்தில் சொல்லிச் செய்விக்கப் போகிறீர்கள் என்றால் பாஸிடம் நான்கு விசயம் சொல்லுங்கள். இரண்டு கட்டையும் ஒரே உயரமாக இருக்க வேண்டும், வித்தியாசம் 0.05 மி.மீ. தாண்டக் கூடாது. மேல் முகமும் கீழ் முகமும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாகவும் துளைக்குச் செங்குத்தாகவும் இருக்க வேண்டும். எம்8 க்குத் துளை 8.5 மி.மீ. க்கு மேல் வேண்டாம். கட்டையின் அகலம் கிளாம்பின் அடிப்பாகத்தை விடக் குறையக் கூடாது. அலுமினியம் என்றால் 6061-டி6 ரகம் என்று தெரிந்து வாங்கிய கம்பி. எங்கிருந்து வந்ததென்று தெரியாத பழைய வார்ப்புத் துண்டு வேண்டாம். உள்ளே காற்றுக்குமிழிகள் இருந்தால் வெளியே தெரியாது. நல்ல அலுமினியம் கிடைக்காவிட்டால் சாதாரண எஃகே போதும். பாரம் கொஞ்சம் கூடும், பலம் தாராளமாக இருக்கும், நன்றாகப் பெயின்ட் அடித்தால் உப்புக்காற்றையும் தாங்கும். இரண்டு துண்டை வெல்ட் பண்ணி உயரம் எடுத்த ரைசர் எந்த விலைக்கும் வேண்டாம். 28.6 மி.மீ. ஹாண்டிலுக்கான ரைசரை வாங்கி, 22.2 மி.மீ. குழாயைச் சுற்றித் தகரம் வெட்டி வைத்து இறுக்குவதும் வேண்டாம். தகரம் நசியும், ஒரு குழியில் விழும்போது ஹாண்டில் சுழலும்.

கேபிள்களுக்கு வருவோம். ஸ்பிளெண்டர், சீடி 125, சீஜீ 125 போன்ற முன் ட்ரம் பிரேக் பைக்குகளில் கிளச், அக்சிலேட்டர், முன் பிரேக் ஆகிய மூன்று கேபிளும் சுவிட்ச் வயர்களும் ஹாண்டிலோடு மேலே போகும். 25 மி.மீ. உயர்த்தினால் பெரும்பாலும் பாதையை மாற்றியே சமாளிக்கலாம். ஹெட்லைட்டுக்குப் பின்னால் சுற்றிப் போகும் கேபிளை நேராக்குவது, ஒரு வளையத்துக்குள்ளிருந்து வெளியே எடுத்து விடுவது, ஹெட்லைட் கோப்பைக்குள் சுருண்டு கிடக்கும் வயரைக் கொஞ்சம் வெளியே இழுப்பது எல்லாம் உதவும். நேராக்கும் ஆசையில் ஃபோர்க்குக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் விட்டால், ஸ்டியரிங் திருப்பும்போது நசியும்.

நீளமான கேபிள் செய்விக்கும்போது வெளி உறையைக் கூட்டும் அளவே உள் கம்பியையும் கூட்ட வேண்டும். உறைக்கு வெளியே நீட்டியிருக்கும் கம்பியின் நீளம் பழைய கேபிளில் இருந்தபடியே இருக்கட்டும். இல்லாவிட்டால் சரிப்படுத்தும் நட்டுகள் முடிந்த பிறகும் கேபிள் சேராது. நுனிக் குண்டை, கம்பி இழைகளை விரித்த பிறகு ஈயம் ஊற்றிப் பிடிக்க வேண்டும். ஸ்க்ரூ போட்டு இறுக்கும் குண்டு வழியில் அவசரத்துக்கு ஆகும். முன் பிரேக்குக்கு ஒருநாளும் ஆகாது.

டிஸ்க் பிரேக் என்றால் இன்னும் கவனம். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சில்லு அந்தரத்தில் தொங்கும்படி வையுங்கள். ஃபோர்க் முழுதாக நீண்டிருக்கும் அந்த நிலையில்தான் குழாய் அதிகம் இழுபடும். அப்படியே இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். குழாய் நேர்க்கம்பியாக இறுகினால், அல்லது இரு முனையிலும் கூர்மையாக மடிந்தால் நீளமானது போட வேண்டும். ரப்பர் பிரேக் குழாயை நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிற கையேடுகள் பல உண்டு. பழைய பல்சரில் அது பிறந்ததிலிருந்து மாற்றாமலே இருக்கலாம். ஆகவே ரைசர் போடும் வேலையோடு குழாயையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். குழாய் முனையின் செப்பு வொஷர்களைத் திரும்பப் போடாதீர்கள். பிறகு மாஸ்டர் சிலிண்டர் மூடியில் எழுதியுள்ள டொட் எண்ணுக்கேற்ற புதிய பிரேக் ஒயில் நிரப்பி, குழாயிலுள்ள காற்றை வெளியே எடுங்கள். ஹாண்டிலைச் சுழற்றியதால் ஒயில் பெட்டி சரிந்திருந்தால் கிளாம்பைத் தளர்த்தி மட்டமாக்குங்கள். சரிந்திருக்கும் பெட்டியில் ஒயில் குறையும்போது காற்று உள்ளே போகும்.

போடும் ஒழுங்கு இதுதான். பற்றரி வயரைக் கழற்றுங்கள், டாங்கியைத் துணியால் மூடுங்கள், கிளாம்பைக் கழற்றி ஹாண்டிலைப் பின்னால் சாய்த்து வையுங்கள். பிரேக் ஒயில் பெட்டி தலைகீழாகாமல் ஒருவர் பிடித்திருக்கட்டும். முகங்களைத் துடைத்து, புரிக்கு நடுத்தரப் பலமுள்ள நீல லொக்டைட் 243 புரிப் பசை ஒரு துளி விடுங்கள். அது ஈரம் உள்ளே போகாமலும் தடுக்கும். சிவப்பு வகை வேண்டாம், பிறகு கழற்ற நெருப்புக் காட்ட வேண்டிவரும். ரைசரைக் கையால் இறுக்கி, ஹாண்டிலை வைத்து, நடுவைச் சரிபார்த்த பிறகே முழுதாக இறுக்குங்கள். எம்8 க்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் வழக்கம். பழைய ஜப்பான் கையேடுகளில் இதையே 2.0 முதல் 2.5 கிலோகிராம் மீட்டர் என்று போட்டிருப்பார்கள். உங்கள் பைக்கின் கையேடு வேறு எண் சொன்னால் அதுதான் சரி. கிறீஸ் பூசிய புரிக்கு அதே அளவு இறுக்கினால் போல்ட் கூடுதலாக இழுபடும், ஐந்தில் ஒரு பங்கு குறையுங்கள்.

பல ஹொண்டாக்களில் மேல் கிளாம்பில் ஒரு புள்ளி பொறித்திருக்கும். அது முன்பக்கம் வர வேண்டும். முன் போல்ட்டை முதலில் முழுதாக இறுக்கி, பிறகு பின் போல்ட். இடைவெளி பின்னால் மட்டும் இருக்கும். அப்படிக் குறியில்லாத கிளாம்ப் என்றால் முன்னும் பின்னும் இடைவெளி சமமாக வரும்படி மாறி மாறி இறுக்குங்கள். புள்ளி வைத்த கிளாம்பில் இடைவெளியைச் சமமாக்கப் பார்த்து வெடிக்க வைத்தவர்கள் உண்டு.

இனிச் சோதனை. என்ஜினை ஐடிலில் விட்டு ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். சத்தம் ஏறினால் அக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது. வளைவில் பைக் தானாகப் பாயும், வீதிக்கு எடுக்காதீர்கள். முழுதாகத் திருப்பிய நிலையில் கிளச் லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. தளர்வு இருக்க வேண்டும். முன் சில்லைத் தூக்கிச் சுற்றிவிட்டால், ஹாண்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பிரேக் உரசாமல் சுற்ற வேண்டும். அதேபோல ஹோர்ன், சிக்னல், பிரேக் லைட் எல்லாம் இரண்டு முனையிலும் வேலை செய்ய வேண்டும். பழைய வயர்கள் ஸ்டியரிங் கழுத்துக்குப் பக்கத்தில் உறைக்குள்ளேயே அறுந்திருக்கும். கொஞ்சம் இழுத்ததும் குணம் காட்டும்.

ஹாண்டில் உயர்ந்தால் உங்கள் பாரம் பின்னால் போகிறது, முன் சில்லு இலேசாகிறது. தனியாகப் போகும்போது 25 மி.மீ. இல் இது பெரிதாகத் தெரியாது. பின்னால் நெல் மூட்டை, பால் கான், மீன் றெஜிபோம் பெட்டி கட்டினால் தெரியும். நிமிர்ந்து அமர்வதால் நெஞ்சில் காற்று பிடிக்கும், அந்த இழுப்பைக் கை ஹாண்டிலுக்குக் கொடுக்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் பக்கம் வெட்டவெளியில் வேகமாகப் போகும்போது முன்பக்கம் ஆடினால் காரணம் இதுவாக இருக்கலாம். பாரம் ஏற்றித் தொழில் செய்யும் பைக்குக்கு 20 மி.மீ. தாண்ட வேண்டாம் என்பேன்.

ஆட்டத்துக்கு இன்னொரு காரணம் ஸ்டியரிங் கழுத்துக்குள் இருக்கும் போல் ரேஸ், அதாவது குண்டுகள் உருளும் கிண்ணங்கள். ரைசர் போட முதலே பாருங்கள். முன் சில்லைத் தூக்கி ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் டக் என்று அடிபடக் கூடாது. மெல்லத் திருப்பும்போது நேராக வரும் இடத்தில் குழியில் விழுவதுபோல் நின்றால் கிண்ணம் குண்டுகளால் பள்ளம் விழுந்துவிட்டது, செட்டோடு மாற்ற வேண்டும். ரப்பர் புஷ் உள்ள பைக்குகளில் புஷ்ஷையும் புதிதாகப் போடுங்கள். உயரம் கூடியதும் பழைய புஷ்ஷின் தளர்வு இரட்டிப்பாகத் தெரியும். அதை மறைக்க அடி நட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் ரப்பர் பிளந்து நிலைமை இன்னும் மோசமாகும்.

தட்டில் வெடிப்போ வெல்டிங் தழும்போ இருந்தால், விழுந்து வளைந்த ஃபோர்க்கை நிமிர்த்தி ஓட்டிக்கொண்டிருந்தால், கிளாம்புக்குள் போகும் இடத்தில் ஹாண்டில் குழாய் துருவால் குழிவிழுந்திருந்தால், ரைசர் யோசனையை விட்டுவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

போட்ட பிறகு ஆளில்லாத வெளியில் மெதுவான வேகத்தில் சில தடவை கடுமையாக முன் பிரேக் பிடித்துப் பாருங்கள். ஹாண்டில் அசைந்திருந்தால் கிளாம்ப் பிடிக்கவில்லை. 100 கிலோமீட்டர் ஓடியதும் ஸ்பனர் வைத்து இறுக்கத்தை ஒருதடவை பார்த்து, நகர்ந்த போல்ட் இருந்தால் கழற்றிப் புது லொக்டைட்டோடு திரும்பப் போடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் போல்ட் தலையிலிருந்து ரைசர் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு விலகினால் போல்ட் தளர்கிறது. கல்லடி, காத்தான்குடி, கல்முனை, திருக்கோவில் என்று கடலை ஒட்டி இருப்பவர்கள் ஒயில் மாற்றும் ஒவ்வொரு தடவையும் ரைசரின் அடியில் வெள்ளைத் தூள் கசிகிறதா என்றும் பாருங்கள். கசிந்தால் அலுமினியம் அரிபடுகிறது. அன்றைக்கே கழற்றிப் புரியைப் பார்க்க வேண்டும்.